சித்திரை முதல் ஆடி வரை: வாசல் தோட்டத்தில் தினம் 15 நிமிடம்

“மாமா, நம்ம நாட்டுல சம்மர் எங்க வருது? வருஷம் பூரா ஒரே வெயில்தானே?”

படிவம் 4 பயிலும் என் அக்காள் மகள் ஏப்ரல் மாதக் கடைசியில் இப்படிக் கேட்டாள். அவளுடைய பயிற்சி நூலில் ஒரு வாசிப்புப் பகுதி இருந்தது. மேலைநாட்டு வீடொன்றின் தோட்டத்தில் கோடைத் தொடக்கத்தில் என்னென்ன பூக்கின்றன, எந்தப் பறவை கூடு கட்டுகிறது என்று அதில் எழுதியிருந்தார்கள். கீழே ஒரு கேள்வி: ‘உங்கள் வீட்டுத் தோட்டத்தில் இந்தப் பருவத்தில் நீங்கள் காணும் மாற்றங்களை எழுதுக.’ மாற்றமே இல்லாத ஊரில் எதை எழுதுவது என்பது அவளுடைய கவலை.

நியாயமான கவலையாகத்தான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் எழுதிப் பார்க்காமல் மாற்றம் இல்லை என்று எப்படிச் சொல்வது? 20 காசு விலையில் ஒரு பழைய பயிற்சிப் புத்தகம் வீட்டில் கிடந்தது. அதில் ஏப்ரல் 28ஆம் தேதி முதல் வரியை எழுதினோம். இப்போது ஜூலை முடிகிறது. புத்தகத்தில் எஞ்சியிருப்பது நான்கு பக்கங்கள்தான்.

பெரிய தோட்டம் ஒன்றும் இல்லை

மலேசியத் தமிழர்களிடம் ‘தோட்டம்’ என்றால் ரப்பர்த் தோட்டமும் செம்பனைத் தோட்டமும்தான் முதலில் நினைவுக்கு வரும். இது அந்தத் தோட்டம் அல்ல. கிள்ளானில் ஒரு தாமானில் இருக்கும் வரிசை வீட்டின் வாசல். கார் நிறுத்தியது போக மிஞ்சும் சிறு மண் துண்டு, கால்வாய் ஓரமாக ஒரு மாமரம், மதில் நெடுகப் பூச்சாடிகள். கறிவேப்பிலை, லீமாவ் கஸ்தூரி, செம்பருத்தி, கத்தரி, பாண்டான், செராய், காகிதப்பூ. யாரும் விதைக்காமல் சாடிகளில் முளைத்தவை தனி. இவற்றையெல்லாம் வளர்ப்பது என் அம்மா, அவளுக்குப் பாட்டி.

இவ்வளவு சிறிய இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிபர் ஓவன் என்ற உயிரியலாளர் தம் வீட்டுத் தோட்டத்தை மட்டும் 1972 முதல் 30 ஆண்டுகள் கவனித்துக் குறித்து வந்தார். நகரத்து வீடுதான், காடு அல்ல. அங்கு அவர் பதிவு செய்த உயிரினங்கள் 2,673. அவற்றுள் செடிகொடிகள் 474. பூச்சிகள் மட்டும் 1,997. அறிவியலுக்கே புதிதான குளவி இனங்களும் அதில் அடக்கம். குளிர் நாட்டு நகரமொன்றில் ஒரே தோட்டத்தில் அத்தனை என்றால், ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் நம் வாசலில் எத்தனை இருக்கக்கூடும்?

எங்கள் குறிப்பேட்டின் விதிகள் மிக எளிமையானவை. காலையில் ஏழேகால் மணிக்கு, பள்ளி நாளானால் மாலை ஆறரைக்கு, 15 நிமிடம். ஒரே இடத்தில் நிற்க வேண்டும். கைப்பேசி சட்டைப்பையில். தேதி, வானிலை, என்ன பார்த்தோம், எத்தனை, அது என்ன செய்தது. இவ்வளவுதான். ஒன்றும் பார்க்காத நாளில் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுத வேண்டும். அவளுக்குப் பிடிக்காத விதி இது. ஆனால் பின்னால் அதிகம் பயன்பட்டதும் இதுதான்.

நிழல் இடம் மாறியது

மாற்றம் இல்லை என்ற எண்ணம் மே மாத நடுவிலேயே ஆட்டம் கண்டது. எங்கள் வீடு வடக்குப் பார்த்த வீடு. மார்ச் மாதம் வரை தாழ்வாரத்தின் நிழலில் குளுகுளுவென்று இருந்த கத்தரிச் சாடிகள், மே மாதத்தில் மதிய வேளைகளில் வாடித் தொங்கின. தண்ணீர் ஊற்றாததுதான் காரணம் என்று பாட்டி எங்கள் இருவரையும் திட்டினார்.

காரணம் வானத்தில் இருந்தது. கிள்ளான் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே உள்ளது. மார்ச் மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அதன்பின் வடக்கே நகர்ந்து, ஜூன் மாதத்தில் வெகுதூரம் வடக்கில் நிற்கிறது. அப்போது நண்பகல் நிழல் தெற்கே விழும். டிசம்பரில் வடக்கே விழும். ஆக, வடக்கு வாசல் சாடிகளுக்கு ஜூன் மாதம் உண்மையிலேயே கோடைதான். தெற்கு வாசல் வீட்டுக்காரருக்கு அதே நாட்களில் நிழல். ஒரே தாமானில், எதிரெதிர் வரிசைகளில் இரண்டு பருவம்! உத்தராயணம், தட்சிணாயணம் என்று நாட்காட்டியில் பார்த்திருப்பீர்கள். தை முதல் ஆனி வரை ஒன்று, ஆடி முதல் மார்கழி வரை மற்றொன்று. அது என்னவென்று இவளுக்குப் புரிந்தது ஒரு கத்தரிச் சாடியால்.

பகல் நேரத்தின் நீளம் இங்கே ஆண்டு முழுவதிலும் ஏறத்தாழ 20 நிமிடம்தான் கூடிக் குறைகிறது. லெஸ்டரில் அது ஒன்பது மணி நேரம். அதனால்தான் அங்கே பருவம் கண்ணை உறுத்துகிறது. இங்கே அதைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் நாள் நீளத்தைவிட மழைதான் பெரிய கடிகாரம். ஏப்ரலில் பருவக்காற்று மாறும் காலம். பிற்பகலில் இடியும் மழையும். மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் மேற்குக் கரையில் வெயில் நாட்கள் கூடுகின்றன. அதன் பின்னாலேயே பழக்காலம் வருகிறது. டுரியானும் ரம்புத்தானும் சாலையோரத்துக்கு வருவதை நாம் பருவம் என்று நினைப்பதே இல்லை.

பதினொரு முட்டைகள்

மே 6. லீமாவ் கஸ்தூரிச் செடியின் இளங்கொழுந்துகளைச் சுற்றிக் கறுப்பும் மஞ்சளுமான வண்ணத்துப்பூச்சி ஒன்று தயங்கித் தயங்கிப் பறந்தது. கொழுந்தைத் தொடும், வயிற்றை வளைக்கும், அடுத்த கொழுந்துக்குப் போகும். அது போனபின் எண்ணினோம். குண்டூசித் தலை அளவில், வெளிர் மஞ்சள் நிறத்தில் 11 முட்டைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக.

இது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி. அறிவியல் பெயர் பாபிலியோ டெமோலியஸ். எலுமிச்சைக் குடும்பச் செடிகள்தான் இதன் புழுவுக்கு உணவு. கறிவேப்பிலையும் அதே குடும்பம்தான். ஆனால் அதில் நாங்கள் கண்டவை பெரும்பாலும் இதன் உறவான வேறொரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள்.

மூன்றாம் நாள் முட்டைகள் பொரிந்தன. வெளிவந்த புழுவைப் பார்த்ததும் அவள் முகம் சுளித்தாள். பழுப்பும் வெள்ளையுமாக, அசல் பறவை எச்சம். அந்த வேடம்தான் அதற்குக் காப்பு. எச்சத்தைக் கொத்த எந்தக் குருவிக்கும் ஆசை வராது. நான்கு முறை தோலுரிக்கும் வரை இந்த வேடம். ஐந்தாம் பருவத்தில் உடம்பு பெரிதாகி எச்சம் என்று நம்ப வைக்க முடியாத அளவு வந்ததும், பச்சைக்கு மாறி இலையோடு இலையாகிவிடுகிறது. ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரட்டைக் கொம்பு நீளும். காரமான நெடி அடிக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. பாட்டிக்கு அந்தச் செடி செல்லம். சீனப் புத்தாண்டு முடிந்தபின் யாரோ தூக்கிப் போட்ட சாடியைக் கொண்டுவந்து இரண்டு ஆண்டுகளாகத் தேற்றியவர்.

“ரெண்டு நாள்ல மொட்டையடிச்சிரும் கண்ணு. கையால எடுத்துப் போட்டு மிதிச்சிரு. இல்லன்னா மருந்து அடிக்கணும்.”

“பாட்டி, பதினஞ்சு நாள் பொறுங்க. அப்புறம் அதுவே போயிடும்.”

“போகும். எஞ்செடி?”

இரண்டு பேர் சொன்னதிலும் உண்மை இருந்தது. சாடியில் வளரும் சின்னச் செடி ஐந்தாறு பெரிய புழுக்களைத் தாங்காது. முடிவில் ஓர் ஒப்பந்தம்: பாட்டியின் செடியில் நான்கு புழுக்களுக்கு மேல் இருக்கக்கூடாது. மீதியைப் பக்கத்து வீட்டுப் பெரிய எலுமிச்சை மரத்துக்கு மாற்றுவது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். மருந்து இல்லை.

மாற்றுவதற்குத் தேவையே வரவில்லை. முட்டை 11, பொரித்தவை 9, ஐந்தாம் நாள் இருந்தவை 6. ஒன்றைக் குளவி தூக்கிப் போவதை நாங்களே பார்த்தோம். மற்றொன்றை எறும்புகள் இழுத்துச் சென்றன. மே 22இல் மூன்று மட்டுமே கூட்டுப்புழுவாக மாறின. அதிலும் ஒன்று செடியை விட்டு இறங்கிச் சாடியின் விளிம்புக்கு அடியில் போய், இடுப்பில் ஒரு பட்டு நூல் கயிறு கட்டிக்கொண்டு தொங்கியது. அதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமானது.

மே 30, காலை ஏழரை. முதல் வண்ணத்துப்பூச்சி வெளியே வந்தது. கசங்கிய துணிபோல இருந்த இறக்கைகள் கண்முன்னே விரிந்தன. மறுநாள் இரண்டாவது. மூன்றாவது கூடு கறுத்துப் போனது. ஜூன் 2ஆம் தேதி அதில் ஊசித் துளை ஒன்று. உள்ளேயிருந்து சின்னஞ்சிறு குளவிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. புழு கூடாக மாறிய தறுவாயில் தாய்க்குளவி அதற்குள் முட்டையிட்டுச் சென்றிருக்கிறது. அவள் அன்று மாலை வரை பேசவில்லை. குறிப்பேட்டில் மட்டும் எழுதியிருந்தாள்: ‘11இல் 2. நான் காப்பாற்றியது எதுவும் இல்லை.’

இதைப் படித்துவிட்டுப் பாட்டி சொன்னார்: “பதினொண்ணும் பொழச்சிருந்தா எஞ்செடி பொழச்சிருக்காதே.” உயிரியல் பாடத்தில் இரண்டு பக்கம் வரும் செய்தி இது. செடியில் இப்போது புதுக்கொழுந்து விட்டிருக்கிறது. மருந்து அடித்திருந்தால் முதலில் செத்திருப்பவை, புழுவைக் குறைத்த அந்தக் குளவிகளும்தான்.

காகம் வந்த கதை

எங்கள் பட்டியலில் தினமும் இருக்கும் பெயர் காகம். பாட்டி சோறு வைப்பார், அவை வரும். கிள்ளான்காரர்களுக்குக் காகம் வேறெந்த ஊரையும்விடச் சொந்தம் என்பது பலருக்குத் தெரியாது. இந்த வீட்டுக் காகம் மலாயாவின் பறவையே அல்ல. 1890களில், கிள்ளான் வட்டாரத்தில் ரப்பர் பரவுவதற்கு முன் காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பிச் செடிகளைப் புழுக்கள் தின்றன. புழுவைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் நம் முன்னோரும் உண்டு. காப்பி போய்விட்டது. காகம் நகரத்துக் குப்பையில் பெருகி, பின்னாளில் நகராண்மைக் கழகம் துப்பாக்கியால் சுட்டுக் குறைக்க வேண்டிய நிலைக்கு வந்தது. புழுவுக்கு மருந்தாக வந்தது தனித் தொல்லையாக மாறியது. லீமாவ் செடி ஒப்பந்தத்தைப் பேசி முடித்த அதே வாரம் இதைப் படித்ததால், அவளுக்கு இது நன்றாகவே பதிந்தது.

காகம் பெருகிய இடத்தில் குயிலும் பெருகியது. முன்பு குயில் இங்கே பெரும்பாலும் வலசை வரும் விருந்தாளி. காகக் கூடுகள் கிடைத்ததும் அவற்றில் முட்டையிட்டு இங்கேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டது. விடியும் முன்னரே ‘கூவூ... கூவூ...’ என்று குரலை ஏற்றிக்கொண்டே போய் நம்மைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது அதுதான். ஒரு திருத்தம்: குயில் போலப் பாடுகிறாள் என்று பெண்களைப் புகழ்கிறோமே, உரக்கக் கூவுவது ஆண் குயில். கரிய உடல், சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும். அதன் குரல் ‘கிக் கிக்’ என்ற கத்தல். மே 19இல் இரண்டையும் ஒரே மாமரத்தில் பார்க்கும் வரை அவள் அவற்றை இரண்டு வேறு பறவைகளாக எழுதி வந்தாள். அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறாள். பக்கத்தில் அம்புக்குறி போட்டுத் திருத்தம் மட்டும்.

அதே மாமரத்தின் அணிலையும் சொல்ல வேண்டும். இராமர் தடவியதால் வந்த மூன்று கோடுகள் நம் ஊர் அணிலுக்கு இல்லை. இதற்கு முதுகில் கோடு கிடையாது. விலாவில் கறுப்பும் வெளிர் மஞ்சளுமாகப் பட்டை, வயிறு செம்பழுப்பு. இது வேறு இனம். கதை தமிழ்நாட்டு அணிலுக்கானது.

கத்தரிக்குத் தேவைப்பட்ட ஓசை

கத்தரி பூத்தது, காய்க்கவில்லை. மே மாதம் முழுக்க இதுவே பாட்டியின் குறை. சாடிகளை நிழல் பக்கம் நகர்த்தியும் பூக்கள் உதிர்ந்தன. ஒரு காலை, பெரிய கருவண்டு ஒன்று கத்தரிப் பூவில் தொங்கியது. பாட்டி துடைப்பத்தை எடுத்தார்.

நல்லவேளையாக அடிபடவில்லை. அது உண்மையில் வண்டு அல்ல. மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய தேனீ இனம். கத்தரி, தக்காளிப் பூக்களின் மகரந்தம் மூடிய குழாய்க்குள் இருக்கும்; நுனியில் சிறு துளை மட்டும். இந்தத் தேனீ பூவை இறுகப் பிடித்துக்கொண்டு, இறக்கையை அடிக்காமல், பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். உப்புச்சாடியைக் குலுக்கியது போல மகரந்தம் கொட்டும். காது கொடுத்துக் கேட்டால், பறக்கும்போது வரும் ரீங்காரமும் பூவில் அமர்ந்தபின் வருவதும் வேறு வேறு சுருதி என்பது தெரியும். சாதாரண தேனீக்கு இந்த வித்தை தெரியாது.

இதைச் சோதித்துப் பார்க்கப் பள்ளி இயற்பியல் கூடத்தில் இருக்கும் இசைக்கவை போதும். தட்டி அதிர வைத்து, நன்றாக மலர்ந்த கத்தரிப் பூவின் மஞ்சள் குழாய்களில் மெல்லத் தொட வேண்டும்; அடியில் கறுப்புத் தாள். அவள் ஆசிரியையிடம் கேட்டு ஒரு வாரக் கடைசிக்கு வாங்கிவந்தாள். தாளில் மெல்லிய மாவு போல விழுந்தது. காற்று அசைத்தாலும் கத்தரியில் ஓரளவு காய் பிடிக்கும். அதிர்வு கிடைத்தால் நன்றாகப் பிடிக்கும். எட்டுப் பூக்களுக்கு நூல் கட்டி அடையாளம் வைத்தோம். இசைக்கவை தொட்ட நான்கில் மூன்று காய்த்தன. தொடாத நான்கில் ஒன்று. எட்டுப் பூவை வைத்து முடிவு சொல்லக்கூடாது என்று அவளே எழுதியிருக்கிறாள். பாட்டிக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. துடைப்பம் இப்போது கருவண்டுப் பக்கம் போவதில்லை.

அழகில்லாத பக்கம்

குறிப்பேட்டில் நான் முக்கியமாகக் கருதும் வரி எந்தப் பூவையும் பற்றியதல்ல. ‘மே 11: பாண்டான் சாடித் தட்டில் தண்ணீர். நெளியும் புழு, 30க்கு மேல்.’

கொசுப்புழு. எங்கள் அடுத்த சாலையில் அப்போது இருவருக்கு டிங்கி. தினமும் தண்ணீர் ஊற்றும் எங்கள் மூவர் கண்ணிலும் அந்தத் தட்டு பட்டிருக்கிறது; யாரும் பார்க்கவில்லை. ஏடிஸ் கொசுவின் முட்டை பொரிந்து, முதிர்ந்த கொசுவாகப் பறக்க நம் வெப்பநிலையில் ஏழிலிருந்து பத்து நாட்கள் போதும். வாரம் ஒருமுறை என்று சொல்வதன் காரணம் இதுதான். இன்னொன்றும் கவனியுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும்; காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

புகை அடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். புகை பறக்கும் கொசுவைக் கொல்லும். தட்டில் நீந்தும் புழுவை அது தீர்க்காது. கொசு எது, கருவண்டு எது என்று அதற்குத் தெரியவும் தெரியாது. எங்கள் சாலையில் புகை அடித்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் குறிப்பேட்டில் ‘ஒன்றும் இல்லை’. நான் முன்பு சொன்ன விதி பயன்பட்டது இங்கேதான். தட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். இப்போது சனிக்கிழமைக் காலைகளில் கவனிக்கும் முதல் உயிரினம் கொசுதான்.

யாரும் நடாத செடிகள்

சாடிகளில் தானாக முளைத்தவற்றை அவள் ‘களை 1’, ‘களை 2’ என்று எழுதி வந்தாள். கைப்பேசிச் செயலி ஒன்று லத்தீன் பெயரைச் சொன்னது. பாட்டியைக் கேட்டது தாமதமாகத்தான்.

“அட, இது கீழாநெல்லி. இலைக்குக் கீழ பாரு.”

திருப்பிப் பார்த்தாள். இலைக்காம்பின் அடியில் வரிசையாகக் குட்டிக் குட்டி நெல்லிக்காய்கள். மலாயில் இதற்கு டுக்கோங் அனாக் என்று பெயர். பிள்ளையைச் சுமப்பது என்று பொருள். இரண்டு மொழிக்காரரும் அதே இலையைத் திருப்பி அதே காயைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ‘களை 4’ குப்பைமேனி. அதன் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை மயங்கிப் புரளும். மலாயில் அதன் பெயரிலேயே பூனை இருக்கிறது: கூச்சிங் காலாக். பக்கத்து வீட்டுப் பூனையை வைத்துச் சோதித்தோம். உண்மைதான்.

பாட்டி பிறந்து வளர்ந்தது கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அங்கே கற்ற பெயர்களில் 23 இப்போது குறிப்பேட்டில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தமிழ், மலாய், ஆங்கிலம், அறிவியல் பெயர் என்று நான்கு கட்டம். ஆறு செடிகளுக்குத் தமிழ்க் கட்டம் காலி, பாட்டிக்கும் மறந்துவிட்டது. அவருடைய அக்காள் இருந்திருந்தால் சொல்லியிருப்பாராம். ஒரு எச்சரிக்கை: மருந்துச் செடி என்று கேள்விப்பட்டதற்காக எதையும் பறித்து மெல்ல வேண்டாம். ஒரே தோற்றத்தில் வேறு செடிகளும் உண்டு.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் பிறர் பெயரைச் சரிபார்க்க உதவுவார்கள். 2008இல் அமெரிக்காவின் பெர்க்லியில் மாணவர்கள் தங்கள் பட்டமேற்படிப்புப் பணியாகத் தொடங்கியது அது. வீட்டு முகவரி தெரியாதபடி இடத்தை மங்கலாகக் காட்டும் வசதியும் அதில் உண்டு. அதை மறக்காமல் பயன்படுத்துங்கள். நம் நாட்டில் 1940 முதல் இயங்கும் மலேசிய இயற்கைக் கழகமும், சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகமும் பொதுமக்களோடு சேர்ந்தே பறவைகளைக் கணக்கெடுக்கின்றன. அவர்கள் எதிர்பார்ப்பதும் இந்த நான்கு விவரங்களைத்தான்: எங்கே, எப்போது, என்ன, எத்தனை.

ஒன்பதாம் நாள்

மாமரத்தில் புறா ஆர்கிட் ஒன்று உண்டு. சாலையோர மரத்திலிருந்து முறிந்து விழுந்த கிளையில் ஒட்டியிருந்ததைப் பாட்டி எடுத்துக் கட்டியது. மொட்டு பறக்கும் புறாவைப் போல இருப்பதால் அந்தப் பெயர். வெள்ளைப் பூ, நல்ல மணம், ஒரே நாள் வாழ்வு. ஆண்டில் சில நாட்கள் மட்டும், ஊரில் உள்ள புறா ஆர்கிட் எல்லாம் ஒரே காலையில் பூக்கும். எப்படி ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன?

மழைதான் சொல்கிறது, சரியாகச் சொன்னால், மழை கொண்டுவரும் குளிர். மொட்டுகள் பாதி வளர்ந்து உறங்கிக் கிடக்கும். வெயிலில் கொதித்த பிற்பகலில் திடீரெனப் பெருமழை வந்து வெப்பம் ஏறத்தாழ ஐந்து டிகிரி சட்டென இறங்கினால் உறக்கம் கலையும். அதிலிருந்து ஒன்பதாம் நாள் மலர்ச்சி. தென்கிழக்காசியத் தாவரவியலாளர்கள் இதை நூறாண்டுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள்.

சாதாரண வெப்பமானி ஒன்றை மரத்தடியில் தொங்கவிட்டோம். மே 14 இரவு நல்ல மழை. 28இலிருந்து 26. ஒன்பது நாள் காத்திருந்தோம், பூக்கவில்லை. ஜூன் 3, மாலை நான்கு மணி: 33 டிகிரி. ஐந்து மணிக்குப் புயல் போல மழை, 25. அவள் நாட்காட்டியில் ஜூன் 12ஐ வட்டமிட்டாள். ஆறாம் நாள் மொட்டு பருத்தது. எட்டாம் நாள் மாலை வெள்ளை தெரிந்தது. 12ஆம் தேதி காலை மரத்தில் 17 பூக்கள். பள்ளிக்குப் போகும் வழியில், பிரதான சாலை மரங்களில் எல்லாம் வெள்ளை வெள்ளையாக. வேனில் இருந்த தோழிகளிடம், இது இன்று பூக்கும் என்று ஒன்பது நாளுக்கு முன்பே தனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. மறுநாள் எல்லாம் வாடியிருந்தன.

ஜூலை முழுக்கக் காய்ந்தது. மாமரத்தில் கெரெங்கா எறும்புகள், குட்டிப் புழுக்களின் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் இலைகளைத் தைத்துப் புதுக்கூடு ஒன்றை முடித்தன. காகிதப்பூவில் தேன்சிட்டு தொங்கவிட்ட கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகள் பறந்தன. ஜூலை 17, ஆடி முதல் நாள். கூழ் குடித்துவிட்டு எழுதிய குறிப்பில் ‘காற்று’ என்று மட்டும் இருக்கிறது.

ஜூலை 25 பிற்பகல், 34இலிருந்து 26. மழை விட்டதும் பாட்டி விரல் விட்டு எண்ணினார்.

“ஆகஸ்ட் மூணா? ஆடிப்பெருக்கு அன்னிக்குப் பூக்குமா கண்ணு?”

“மொட்டு இருக்கான்னு முதல்ல பார்க்கணும் பாட்டி.”

ஏணி வைத்து ஏறிப் பார்த்தாள். ஒன்பது மொட்டுகள். இதை எழுதும் இன்று ஆறாம் நாள். காலையில் ஒன்று உதிர்ந்து கிடந்தது, எட்டு இருக்கின்றன.